கைதியை என்ன செய்வது? ஆர்பிஜி மேசையில் அலைன்மென்ட்டைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

சண்டை முடிந்துவிட்டது. ஏழு கோப்ளின்களில் ஆறு செத்துக் கிடக்கின்றன. ஏழாவது கோப்ளின் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டது. மேசையைச் சுற்றி இருந்த நான்கு பேரும் டைஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஆர்பிஜியில், அதாவது ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டில், கதையை நடத்துகிறவர் டிஎம். நான் அந்த நாற்காலியில் உட்காருவது அது மூன்றாவது முறைதான். கோப்ளின் சரணடையும் என்பதுவரை கையில் இருந்த அட்வென்ச்சரில் (முன்பே எழுதித் தரும் கதையில்) எழுதியிருந்தது. அப்புறம் என்ன என்பது எழுதியிருக்கவில்லை.

"கழுத்தை அறுத்துட்டுப் போயிடலாம். விட்டா பின்னாடியே வந்து குத்தும்" என்றான் ரோக் (திருட்டுத் தந்திரங்கள் தெரிந்த கேரக்டர்) ஆடியவன்.

"சரணடைஞ்சதைக் கொல்லக் கூடாதுடா. நான் லாஃபுல் குட்" என்றான் பேலடின் (சபதம் எடுத்த புனித வீரன்) ஆடியவன்.

"அப்போ தீயதை ஒழிக்கணும்ல? கோப்ளின் ஈவில்னு புக்லயே போட்டிருக்கு."

அடுத்த ஒரு மணி நேரம் ஆட்டம் நின்று வழக்காடு மன்றம் நடந்தது. கடைசியில் ரோக் கோப்ளினைக் கொன்றான். தடுக்காமல் நின்றதற்காக நான் பேலடினின் சக்திகளைப் பிடுங்கினேன். பேலடின் ஆடிய நண்பன் அடுத்த வாரம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை.

பிழை என்னுடையதுதான் என்று புரிய எனக்கு ரொம்ப நாளானது. அலைன்மென்ட்டை, அதாவது லாஃபுல் குட் போல ஒரு கேரக்டரின் அறச்சாய்வைச் சொல்லும் முத்திரையை, அதன் ஜாதகம் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன்: கேரக்டரின் விவரத்தாளான ஷீட்டில் எழுதியாகிவிட்டது, இனி அதன்படிதான் நடக்க வேண்டும், தவறினால் தண்டனை. இப்போது என் மேசையில் அதை ஒரு கேள்வியாகத்தான் எழுதச் சொல்கிறேன். இந்த ஆள் எந்தக் கோட்டைத் தாண்டமாட்டான்? என்ன விலை வைத்தால் தாண்டுவான்? இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியை எப்படி மேசைக்குக் கொண்டுவருவது என்பதைப் பற்றித்தான். டிஎம்மை மனத்தில் வைத்து எழுதினாலும், நான்காவது படியும் ஏழாவது படியும் ஆடுபவர்களுக்கும் உரியவை.

கொஞ்சம் பின்கதை

குழப்பத்தின் வேர் வரலாற்றில் இருக்கிறது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) ஆட்டத்தில் நல்லது, தீயது என்ற அச்சே கிடையாது. லா (ஒழுங்கு), நியூட்ராலிட்டி (நடுநிலை), கேயாஸ் (ஒழுங்கின்மை) என்று மூன்று கட்சிகள் மட்டும். கட்சி என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்த ஆட்டம் அது. எந்தப் பிராணி எந்தப் பக்கம் நிற்கும் என்று பிரிக்க அந்த மூன்று போதுமானதாக இருந்தது.

1976ல் கைகாக்ஸ் ஒரு கட்டுரையில் நல்லது–தீயது என்ற இரண்டாவது அச்சைச் சேர்த்தார். 1977ல் வந்த பேஸிக் பெட்டியில் ஐந்து அலைன்மென்ட்கள் இருந்தன. 1978ல் வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டியின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் அது, இரண்டு அச்சும் குறுக்கிட்டு, லாஃபுல் குட் முதல் கேயாட்டிக் ஈவில்வரை ஒன்பது கட்டமாக நிலைத்துவிட்டது. அந்தக் காலத்து விதிகள் கடுமையானவை. அலைன்மென்ட் மாறினால் ஒரு லெவல் போய்விடும். ஒவ்வொரு அலைன்மென்ட்டுக்கும் தனி ரகசிய மொழிகூட இருந்தது. (மனம் மாறினால் மொழி மறந்துவிடும் என்பதை யோசித்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும்.) 2008ல் நான்காம் பதிப்பு ஒன்பதை ஐந்தாகக் குறைத்தது. 2014ல் ஐந்தாம் பதிப்பு ஒன்பதையும் திரும்பக் கொண்டுவந்தது, ஆனால் அவற்றைத் தொடும் விதிகளைப் பெரும்பாலும் உருவிவிட்டது. 2023ல் பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆர்பிஜியின் ரீமாஸ்டர் பதிப்பு அலைன்மென்ட்டையே தூக்கிப்போட்டது.

ஆகவே, ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேர் அலைன்மென்ட் என்ற ஒரே சொல்லை நான்கு காலகட்டங்களின் பொருளில் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். என் ரோக்குக்கு அது கட்சி. பேலடினுக்கு அது விரதம். எனக்கு அது சட்டப் புத்தகம்.

முதல் படி: இரண்டு அச்சையும் பிரித்தெடுங்கள்

லாஃபுல்–கேயாட்டிக் அச்சும் குட்–ஈவில் அச்சும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். இது எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஆட்டத்தின் சூட்டில் எல்லாருக்கும் மறந்துபோகும். லாஃபுல் என்றால் நல்லவன் என்றும் கேயாட்டிக் என்றால் கெட்டவன் என்றும் நாக்கு தானாகச் சறுக்கும்.

நான் இப்படிப் பிரித்துச் சொல்வது வழக்கம். குட்–ஈவில் அச்சு கேட்பது: அடுத்தவர் வலிக்காக நீ எவ்வளவு இழப்பாய், உன் ஆதாயத்துக்காக அடுத்தவரை எவ்வளவு வலிக்கவைப்பாய்? லாஃபுல்–கேயாட்டிக் அச்சு கேட்பது: முடிவெடுக்கும்போது உனக்கு வெளியே இருக்கும் ஒன்றை, அதாவது வாக்கை, மரபை, ஆணையை, குருவின் சொல்லை நம்புகிறாயா, அல்லது அந்த நேரத்தில் உனக்குச் சரி என்று பட்டதை நம்புகிறாயா? முதலாவதை அறம் என்றும் இரண்டாவதை நெறி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நெறி தவறாத கொடியவன் உண்டு. நெறியைத் தூக்கியெறிந்த கருணையாளனும் உண்டு.

ஒரு காட்சி. மழை பொய்த்த ஆண்டு. பிரபுவுக்குச் சேர வேண்டிய தானியத்தைக் கிராமம் கட்டவில்லை. வசூலிக்கப் போகிறவன் உங்கள் கேரக்டர். லாஃபுல் குட் ஆள் பிரபுவிடம் திரும்பிப் போய் வாதாடுவான், பழைய பட்டயங்களைத் தோண்டி வரிவிலக்குக்கு வழி இருக்கிறதா என்று பார்ப்பான், கிடைக்காவிட்டால் தன் பங்கிலிருந்து கட்டுவான். கேயாட்டிக் குட் ஆள் "கிராமம் காலியாக இருந்தது" என்று பொய்க்கணக்கு எழுதிவிட்டு, முடிந்தால் பிரபுவின் களஞ்சியத்திலிருந்து நாலு மூட்டையைக் கிராமத்துக்குக் கடத்துவான். இரண்டு பேரும் நல்லவர்கள்தான், ஆனால் ஒருவரையொருவர் தாங்கவே மாட்டார்கள். நல்ல பார்ட்டிக்குள் (சேர்ந்து சாகசம் செய்யும் கேரக்டர் குழுவுக்குள்) வரும் சுவாரசியமான சண்டை இதுதான். லாஃபுல் ஈவில் ஆள் சிரித்த முகத்தோடு, பத்திரத்தில் எழுதியபடி ஒரு மணி குறையாமல் அளந்து வாங்குவான். விதைநெல்லும் அதில் போகும் என்று தெரிந்தும் வாங்குவான். அவன் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அதனால்தான் அவன் பயங்கரமானவன்.

மற்ற கட்டங்களை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒன்றைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். கேயாட்டிக் நியூட்ரல் என்று எழுதிக் கொடுக்கும் ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் உண்மையில் சொல்ல வருவது "நான் நினைத்ததையெல்லாம் செய்வேன், யாரும் கேட்கக் கூடாது" என்பதுதான். அது அலைன்மென்ட் அல்ல, விடுப்புக் கடிதம். அப்படி எழுதியவரிடம் "உன் ஆளுக்கு எதன் மேல் பற்று?" என்று கேளுங்கள். பதில் வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: உங்கள் உலகத்தில் தீமை என்பது பொருளா, வர்ணனையா?

பலர் தாவிப் போகும் படி இது. என் கோப்ளின் வழக்கு தோற்றது இங்கேதான்.

சில உலகங்களில் தீமை நெருப்பைப் போல, காந்தத்தைப் போல ஒரு பொருள். 1994ல் வந்த பிளேன்ஸ்கேப் என்ற டி அண்ட் டி உலகத்தில் ஒவ்வொரு அலைன்மென்ட்டுக்கும் தனித்தனி உலகமே உண்டு. நம்பிக்கை மாறினால் ஊரின் எல்லையே நகரும். டி அண்ட் டி மூன்றாம் பதிப்பில் பேலடின் நினைத்த நேரத்தில் தீமையை உணரலாம். சந்தையில் போகிறவரைப் பார்த்தே இவர் ஈவில் என்று சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட உலகத்தில் துப்பறியும் கதை நடத்திப் பாருங்கள், இரண்டாவது நிமிடத்தில் கொலைகாரன் பிடிபடுவான்.

ஐந்தாம் பதிப்பு இதைச் சத்தமில்லாமல் மாற்றியது. டிடெக்ட் ஈவில் அண்ட் குட் என்ற மந்திரம் பெயரில் மட்டும்தான் பழையது. அது காட்டுவது பிசாசு, தேவதூதர், செத்தும் நடமாடுபவை போன்ற வேற்றுலக இனங்களை. மனிதக் கொலைகாரன் பக்கத்தில் நின்றாலும் அது சும்மா இருக்கும். இதைத் தெரியாமல் பழைய பழக்கத்தில் நடத்தும் டிஎம்கள் இன்றும் இருக்கிறார்கள். நானும் இருந்தேன்.

ஆக, முதல் செஷனுக்கு முன் டிஎம் ஒரு வரியில் முடிவு செய்து சொல்ல வேண்டும். "இந்த உலகத்தில் தீமையை மோப்பம் பிடிக்கலாம்" அல்லது "இந்த உலகத்தில் தீமை என்பது செய்த காரியத்துக்கு மக்கள் வைக்கும் பெயர்". கலவையும் நடக்கும்: பிசாசுகளுக்கு முதலாவது, மனிதர்களுக்கும் மனிதர் போன்றவர்களுக்கும் இரண்டாவது. நான் நடத்துவது இந்தக் கலவைதான். புது டிஎம்முக்கும் இதையே சொல்வேன். பிசாசை யோசிக்காமல் வெட்டலாம், கைதியை யோசிக்காமல் வெட்ட முடியாது. இரண்டு சுகமும் கிடைக்கிறது.

மூன்றாம் படி: செஷன் ஸீரோவில் பேச வேண்டியது

கேரக்டர் உருவாக்கும் அன்றே பேசிவிடுங்கள். நீளமாக வேண்டாம். சித்திரவதை மேசையில் வரலாமா? வந்தால் வர்ணிக்கலாமா, அல்லது "கேட்டதைச் சொல்லிவிட்டான்" என்று தாண்டிவிடுவதா? குழந்தைகளுக்கு ஆபத்து வரலாமா? எது வரவே கூடாது, எது வந்தாலும் திரைக்குப் பின்னால் நடக்க வேண்டும் என்று பிரிப்பதற்கு லைன்ஸ் அண்ட் வெயில்ஸ் என்று பெயர். தீய காரியங்களைக் கதையில் தொடப்போகிறோம் என்றால் இது மரியாதைக்கான சடங்கு மட்டும் இல்லை. எல்லை எங்கே என்று தெரிந்தால்தான் அந்த எல்லைவரை தைரியமாகப் போக முடியும்.

கூடவே ஒரு கேள்வி: பார்ட்டிக்குள் ஒருவர்மேல் ஒருவர் கை வைக்கலாமா, திருடலாமா? புது மேசை என்றால் "கூடாது" என்று வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பின்னால் தளர்த்தலாம், இறுக்குவதுதான் கஷ்டம்.

நான்காம் படி: கட்டத்துக்குப் பதில் மூன்று வரி

லாஃபுல் குட் என்று எழுதட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குக் கீழே மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். யாரும் கேட்காமலே இவர் செய்வது என்ன? எக்காரணம் கொண்டும் செய்யாதது என்ன? அந்த இரண்டாவது வரியை உடைக்கக்கூடிய விலை என்ன?

என் மேசையில் சுரங்கக் காவல்காரி ஒருத்தி இருந்தாள். அவள் ஷீட்டில் இருந்தது இது:

காயம்பட்டவரை விட்டுவிட்டு நகரமாட்டாள்.
கொடுத்த வாக்கை மீறமாட்டாள்.
தம்பியின் உயிர் என்றால் வாக்கும் போகும்.

இந்த மூன்று வரியில் டிஎம்முக்கு ஆறு மாதத்துக்கான கதை இருக்கிறது. "நல்ல மனசு, நேர்மையானவள்" என்று எழுதியிருந்தால் ஒன்றும் இல்லை. வரி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: மேசையில் அந்த வரி தோற்கக்கூடிய ஒரு காட்சியை அரை நிமிடத்தில் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் திரும்ப எழுதுங்கள்.

மூன்றாவது வரியை எழுதத் தயங்குபவர்கள் உண்டு. "என் ஆள் எதற்கும் மசியமாட்டான்" என்பார்கள். எழுதவைக்க வற்புறுத்த வேண்டாம். "விலை இன்னும் தெரியாது" என்று எழுதச் சொல்லுங்கள். ஆட்டம் கண்டுபிடித்துத் தரும்.

ஐந்தாம் படி: உண்மையான இக்கட்டைக் கட்டுவது

தர்மசங்கடம் என்ற பெயரில் பல டிஎம்கள் வைப்பது பொறி. அனாதை இல்லத்தைக் காப்பாற்றினால் ஊர் அழியும், ஊரைக் காப்பாற்றினால் அனாதை இல்லம் அழியும். எதைச் செய்தாலும் திட்டு. ஆடுபவர்கள் இரண்டு தடவை இதில் மாட்டினால் மூன்றாவது தடவை யோசிக்கவே மாட்டார்கள். டைஸை உருட்டிவிட்டுச் சிரிப்பார்கள்.

நல்ல இக்கட்டு, கேரக்டர் ஏற்கெனவே மதிக்கும் இரண்டு விஷயங்களை மோதவிடும். காவல்காரிக்கு நான் வைத்ததைச் சொல்கிறேன். நான்காவது செஷனில் பார்ட்டி நகரத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைய வேண்டியிருந்தது. ஒரு கடத்தல்காரன் தன் சுரங்கப் பாதையைக் காட்டினான். "யாரிடமும் சொல்லமாட்டோம்" என்று வாக்குக் கொடுத்தது அவள்தான். அன்று அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, நானும் குறித்துவைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். ஒன்பதாவது செஷனில் எதிரிப் படை நகரத்தைச் சூழ்ந்தது. "மதிலுக்கு அடியில் ஏதாவது வழி இருக்கிறதா? இருந்தால் இன்றிரவே இடித்து மூடியாக வேண்டும்" என்று தளபதி கேட்டாள். கடத்தல்காரன் தன் குடும்பத்தை அதே சுரங்கத்தில் ஒளித்துவைத்திருக்கிறான் என்பது பார்ட்டிக்குத் தெரியும்.

அந்தக் காட்சியில் நான் ஒரு டைஸ்கூட உருட்டவில்லை. அவள் வாக்கை மீறவும் இல்லை, தளபதியிடம் பொய் சொல்லவும் இல்லை. "இருக்கிறது. எங்கே என்று சொல்லமாட்டேன். விடியும்வரை நான் அங்கே நிற்பேன்" என்றாள். மூன்றாவது வழி. எனக்கு அது தோன்றியிருக்கவே இல்லை. இந்த மாதிரி நேரத்தில் டிஎம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வழியை அடைக்காமல், அதற்கும் ஒரு விலை வைப்பது. தளபதி அவளை நம்பினாள், ஆனால் கூட ஆள் தர மறுத்துவிட்டாள். அன்றிரவு சுரங்க வாயில் நடந்த சண்டைதான் அந்தக் கேம்பெயினின் (பல செஷன்கள் நீளும் கதையின்) உச்சம்.

இந்தக் காட்சியிலிருந்து மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். வாக்கு முன்னாலேயே, விளையாட்டாக, கொடுக்கப்பட்டிருந்தது. என்னென்ன பாதிக்கப்படும் என்று ஆடுபவர்களுக்கு முழுசாகத் தெரிந்திருந்தது. மறைத்துவைத்து அப்புறம் "பார்த்தாயா, அதில் குழந்தை இருந்தது" என்று காட்டுவது ஏமாற்று வேலை. அப்புறம், முடிவு எடுத்த பிறகு உலகம் அதை மறக்கவில்லை. கடத்தல்காரன் பின்னால் ஒரு தடவை வந்தான். அவ்வளவு போதும்.

ஆறாம் படி: அலைன்மென்ட் நழுவும்போது

ஒரு செயலுக்காக அலைன்மென்ட்டை மாற்றாதீர்கள். பயத்தில், கோபத்தில் எல்லாரும் ஒரு தடவை தவறுவார்கள். மூன்று முறை ஒரே பக்கம் சாய்ந்தால் ஆட்டம் முடிந்த பிறகு தனியாகப் பேசுங்கள். "உன் ஆள் மாறிக்கொண்டே போகிற மாதிரி எனக்குத் தெரிகிறது. உனக்கும் அப்படித்தான் படுகிறதா?" பெரும்பாலும் ஆடுபவருக்கே தெரிந்திருக்கும். சில நேரம் அதற்காகத்தான் ஆடிக்கொண்டிருப்பார்.

ஆட்டத்துக்கு நடுவில் என்றால் செய்வதற்கு முன்னால் எச்சரியுங்கள், செய்த பின்னால் தண்டிக்காதீர்கள். "இதைச் செய்தால் உன் சபதம் உடையும் என்று உன் ஆளுக்கு நன்றாகத் தெரியும். செய்கிறாயா?" இந்த ஒரு வாக்கியத்தை அன்று நான் பேலடினிடம் சொல்லியிருந்தால் இந்த வழிகாட்டியை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

பேலடின் பிரச்சினை பழையது. முதல் அட்வான்ஸ்டு பதிப்பில் பேலடின் லாஃபுல் குட்டாக மட்டுமே இருக்கலாம். கேயாட்டிக் காரியம் செய்தால் பாவமன்னிப்பும் பரிகாரமும் உண்டு. தெரிந்தே ஈவில் காரியம் செய்தால் பேலடின் பட்டம் நிரந்தரமாகப் போகும். இந்த விதி, சில டிஎம்களைக் கொம்பு சீவிவிட்டது. பேலடினை வீழ்த்துவதையே பொழுதுபோக்காக வைத்திருந்தார்கள். ஐந்தாம் பதிப்பில் பேலடின் எந்த அலைன்மென்ட்டிலும் இருக்கலாம், கட்டுப்படுவது தான் எடுத்த சபதத்துக்கு மட்டும். எனக்கு இது பெரிய முன்னேற்றமாகப் படுகிறது. "நீ நல்லவனா" என்று விவாதித்துத் தீராது. "நீ சொன்னதைச் செய்தாயா" என்பதற்குப் பதில் உண்டு.

ஏழாம் படி: "என் கேரக்டர் அப்படித்தான்"

பார்ட்டியின் பணத்தைத் திருடிவிட்டு, பேச வந்த என்பிசியை (டிஎம் ஆடும் துணைப் பாத்திரத்தை) குத்திவிட்டு, எல்லாரும் முறைத்தால் "என்ன செய்ய, என் கேரக்டர் கேயாட்டிக் ஈவில்" என்று தோளைக் குலுக்குவார் ஒருவர். பதில் எளிது: அந்தக் கேரக்டரை உருவாக்கியது யார்? ஷீட்டில் எழுதிய இரண்டு சொல், மேசையில் இருக்கும் மனிதர்களின் மாலைப்பொழுதைக் கெடுக்க உரிமம் தராது. இதைக் கதைக்குள் தண்டனை கொடுத்துத் தீர்க்க முயலாதீர்கள். காவலர்கள் வந்து பிடித்தால் அவருக்கு அது இன்னொரு சண்டை, அவ்வளவுதான். கதைக்கு வெளியே பேசுங்கள்.

அதற்காகத் தீய கேரக்டரே கூடாது என்று சொல்லமாட்டேன். நான் பார்த்த மிகச் சிறந்த கேரக்டர்களில் ஒருத்தி லாஃபுல் ஈவில் சூனியக்காரி. பார்ட்டியில் எல்லாருக்கும் கடன் கொடுத்துவைத்திருந்தாள். கடன்காரர்கள் செத்தால் கடன் வராது என்பதற்காக, எல்லாரையும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினாள். தீய கேரக்டர் எடுப்பவரிடம் இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள்: இந்தப் பார்ட்டியோடு உன் ஆள் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறான்? பதிலைக் கண்டுபிடிப்பது அவர் வேலை, உங்கள் வேலை இல்லை.

எட்டாம் படி: அதுவா, அவனா?

இது தமிழில் நடத்துகிறவர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும் கருவி, ஆங்கிலத்தில் நடத்தும் டிஎம்கள் பொறாமைப்படலாம். "கோப்ளின் மண்டியிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் "கோப்ளின் மண்டியிட்டான்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் அஃறிணை. கதை முடிந்துவிட்டது, யாரோ கத்தியை எடுப்பார்கள். இரண்டாவதில் ஒரு ஆள் மண்டியிட்டிருக்கிறான். ஒரே ஒரு விகுதியில் மேசையின் தீர்ப்பு மாறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். "மண்டியிட்டாள்" என்று சொன்ன நாளில் மேசை இன்னும் அமைதியானது.

இதைத் தெரிந்து பயன்படுத்துங்கள். சிந்திக்காமல் வெட்ட வேண்டிய பிராணிக்கு 'அது'. பேசக்கூடியது எதுவானாலும், எவ்வளவு கோரமாக இருந்தாலும், 'அவன்', 'அவள்', 'அவர்'. வில்லனைப் பற்றி அவனுடைய ஆட்கள் பேசும்போது 'அவர்' என்று சொல்லவையுங்கள். அவனை மதிக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதற்கு வேறு வர்ணனையே வேண்டாம்.

விதிப்புத்தகம் ஒரு இனத்துக்கு ஈவில் என்று போட்டிருந்தால்? மூன்றாம் பதிப்பின் மான்ஸ்டர் மேனுவலே இதில் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்தது. சிலவற்றுக்கு 'எப்போதும்', சிலவற்றுக்கு 'வழக்கமாக', சிலவற்றுக்கு 'அடிக்கடி' என்று முன்னொட்டுப் போட்டது. கோப்ளினுக்கு இருந்தது 'வழக்கமாக'. அந்த ஒரு சொல்லை நான் அன்று வாசிக்காமல் விட்டேன்.

வில்லனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்காம் படியின் மூன்று வரியை வில்லனுக்கும் எழுதுங்கள். எதைச் செய்யமாட்டான் என்று தெரிந்த வில்லன், எல்லாம் செய்யக்கூடிய வில்லனைவிட அதிக நாள் ஞாபகத்தில் நிற்பான்.

ஒன்பதாம் படி: ஒன்பது கட்டமே வேண்டாம் என்றால்

வேறு ஆட்டங்கள் வேறு விதமாக இதை அளந்திருக்கின்றன. உங்கள் கேம்பெயினுக்கு எது பொருந்துமோ அதைக் கடன் வாங்கலாம்.

எனக்கு மிகப் பிடித்தது 1985ல் கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கிய பென்ட்ராகன். அதில் 13 ஜோடிக் குணங்கள்: கருணை–கொடூரம், அடக்கம்–கர்வம், வீரம்–கோழைத்தனம் என்று. ஒவ்வொரு ஜோடியின் கூட்டுத்தொகையும் 20. கருணை 14 என்றால் கொடூரம் 6. சோதனை வரும்போது இருபது முக டைஸை உருட்ட வேண்டும். கருணையில் ஜெயித்தால் கருணையாக நடந்தாக வேண்டும். தோற்றால் கொடூரத்துக்கு உருட்ட வேண்டும். அதிலும் தோற்றால்தான் முடிவு ஆடுபவர் கையில். குணம் 16ஐத் தொட்டாலோ தாண்டினாலோ ஊரெல்லாம் அந்தக் குணத்துக்குப் பெயர் பரவும், உருட்டாமல் தப்பவும் முடியாது. "என் ஆளே என் பேச்சைக் கேட்கவில்லை" என்று ஒருவர் தலையில் கைவைத்து உட்காருவதைப் பார்க்க வேண்டுமே! எல்லாருக்கும் இது பிடிக்காது. கட்டுப்பாடு கையைவிட்டுப் போவதை வெறுப்பவர்கள் உண்டு, அதுவும் நியாயம்தான்.

1991ல் வந்த வேம்பயர்: தி மாஸ்கரேடில் ஹ்யுமானிட்டி என்று ஒரே ஏணி, பத்துப் படி. கொடுமை செய்யச் செய்ய இறங்கும். பூஜ்யம் வந்தால் கேரக்டர் உங்கள் கையைவிட்டுப் போய்விடும். வீழ்ச்சியே கதை என்றால் இதைவிடச் சிறந்த கருவி இல்லை. நாயகர்களின் சாகசக் கதைக்கு இது சுமை.

2012ல் வந்த டன்ஜன் வேர்ல்ட் தண்டனையை விட்டுவிட்டுப் பரிசைப் பிடித்துக்கொண்டது. ஷீட்டில் குட் என்று எழுதிய ஃபைட்டர் (போர்வீரன்) தன்னைவிட பலவீனமானவர்களைக் காத்தால் அந்த செஷன் முடிவில் எக்ஸ்பீரியன்ஸ் (லெவல் ஏற உதவும் புள்ளி) கிடைக்கும். பாத்ஃபைண்டரின் ரீமாஸ்டர் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை என்ற இரண்டு பட்டியலோடு நிறுத்திக்கொண்டது. என் மூன்று வரிக்கு மிக நெருக்கமானது இதுதான், விலை என்ற மூன்றாவது வரி மட்டும் இல்லை. டி அண்ட் டி நடத்துகிறவர்கள் டன்ஜன் வேர்ல்டின் பரிசு முறையை அப்படியே எடுத்து இன்ஸ்பிரேஷனோடு (டிஎம் பரிசாகத் தரும், டைஸ் உருட்டும்போது உதவும் சலுகையோடு) கோத்துவிடலாம். முதல் அல்லது இரண்டாம் வரிக்காக எதையாவது இழந்தவருக்கு ஒரு இன்ஸ்பிரேஷன். மூன்றாவது வரி உடைந்த அன்றும் ஒன்று. உடைந்ததற்கும் பரிசா என்று கேட்பார்கள். ஆமாம். அந்த வரியை எழுத எடுத்த துணிச்சலுக்கு.

அந்தக் கோப்ளின் காட்சியை வேறு நண்பர்களோடு இன்னொரு முறை நடத்தினேன். அதே குகை, அதே ஏழு பேர். இந்த முறை ஏழாவது ஆள் மண்டியிட்டான். ரோக், பழைய ரோக்கைப் போலவே, கத்தியை எடுத்தாள். பேலடின் குறுக்கே வந்து நின்றாள். நான் யாரையும் எச்சரிக்கவில்லை, புத்தகத்தையும் தொடவில்லை. இருவர் ஷீட்டிலும் இருந்த மூன்று வரியைச் சத்தமாக வாசித்தேன், அவ்வளவுதான். ரோக்கின் இரண்டாவது வரி: "தனக்கு முதுகைக் காட்டியவரைக் குத்தமாட்டாள்."

ஐந்து நிமிடம் பேசினார்கள். கட்டை அவிழ்த்து, "போ" என்றார்கள். கோப்ளின் குகை வாசல்வரை போனான். நின்றான். திரும்பி, அவர்கள் கையில் இருந்த தன் கத்தியைக் காட்டி, "வெளியே ஓநாய் இருக்கு. அதைக் கொடுத்துடுவீங்களா?" என்று கேட்டான்.

ரோக் பேலடினைப் பார்த்தாள். பேலடின் கத்தியைப் பார்த்தாள். மணி பதினொன்றே கால் ஆகியிருந்தது. நான் டைஸை எல்லாம் பையில் போட ஆரம்பித்தேன்.